தெரிந்தவர் சொல்லி அனுப்பிய பல் டாக்டர்: முதல் சந்திப்புப் பயம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வருவது தனி ஒருவரின் மருத்துவக் குறிப்பு அல்ல. பல் பயத்தோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படும் விவரங்களை ஒரே ஆளிடம் வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. வயது, மதிப்பெண் போன்றவை அந்த மாதிரிக்கு உரியவை. மருந்தளவும் சிகிச்சை முறையும் நடைமுறையில் உள்ளவை.

நிகழ்வு

41 வயதுப் பெண். எட்டு ஆண்டுகளாகப் பல் டாக்டர் பக்கமே போகவில்லை. வலது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வாரமாக வலி. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. அடுத்து, சூடு பட்டாலும் வலித்தது, வலி சில நிமிடம் நின்றது. கடைசி வாரத்தில் எதுவும் படாமலே நடு இரவில் எழுப்பிவிட்டது. வலி மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் போனது இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய. ஊசி போட்ட பிறகும் வலித்திருக்கிறது. சொன்னதற்கு, “உதடு மரத்துப் போச்சுல்ல, அப்போ வலிக்காது” என்று பதில் வந்திருக்கிறது, வேலையும் தொடர்ந்திருக்கிறது. அந்த இடத்துக்குத் திரும்பப் போக மனம் வரவில்லை. உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், “எங்க டாக்டர் ரொம்பப் பொறுமையானவர், நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்று எண் கொடுத்தார். இவர் நேரம் வாங்கினார், இரண்டு முறை தள்ளிப்போட்டார்.

இரவில் எழுப்பும் பல்லுக்கு இரண்டு முறை தள்ளிப்போடுவது சின்ன விஷயம் இல்லை. தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுவது, வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்திருந்தாலும் யார் பரிந்துரைத்த டாக்டர் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இவருக்கு அவை எதுவும் இல்லை. அதனால் யோசித்துச் செயல்பட இடம் இருந்தது.

பயத்தைப் பிரித்துப் பார்த்தல்

“பல் டாக்டர்னாலே பயம்” என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. எதன் மேல் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மாற்றக்கூடிய பகுதி கண்ணில் படும். இதற்கு நார்மன் கோரா 1969இல் நான்கு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார். ஊசி பற்றி அதில் கேள்வி இல்லை. 1995இல் ஹம்ஃப்ரிஸும் உடன் பணியாற்றியவர்களும் அதையும் சேர்த்து ஐந்து கேள்விகளாக்கினார்கள். நாளைக்குச் சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும், பல்லைக் குடையும்போது, பல்லைச் சுத்தம் செய்யும்போது, மேல் கடைவாய் ஈறில் ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்பவை அந்தக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான பயம் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இவருடைய விடைகள் வரிசைப்படி 4, 3, 5, 2, 5. மொத்தம் 19. கூட்டுத்தொகையைவிட அந்த 2தான் பேசுகிறது. பல் சுத்தம் செய்துகொள்ள இவருக்குப் பெரிய பயம் இல்லை. நாற்காலி, வெளிச்சம், வாயில் கை, யாரோ ஒருவர் மேலே குனிவது இவையெல்லாம் தாங்கக்கூடியவையே. ஊசியும் டிரில்லும்தான் 5. அதையும் நோண்டிக் கேட்டால், ஊசி குத்துகிற வலி இரண்டாம் பட்சம். மரத்துப்போகாமலே வேலையைத் தொடங்கிவிடுவார்களோ, சொன்னாலும் நிறுத்தமாட்டார்களோ என்பதே முதல் பயம். இது கற்பனைப் பயமும் அல்ல. ஒருமுறை நடந்தது.

பரிந்துரை கூட்டிவைக்கும் சுமை

தெரிந்தவர் சொன்ன டாக்டர் என்றால் பயம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. வாசல் வரைக்கும் அந்த நம்பிக்கை கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போன பிறகு வேறொன்று சேர்ந்துகொள்கிறது: வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலை. சிகிச்சை பிடிக்காவிட்டால் எழுந்து வர முடியுமா, இன்னொருவரிடம் கருத்துக் கேட்டால் சொல்லி அனுப்பியவர் மனம் கோணுமா, என் வாயின் நிலைமை ஆபீஸ் வரைக்கும் போய்விடுமா? இவர் இரண்டு முறை தள்ளிப்போட்டதில் இந்தக் கேள்விகளுக்குப் பாதிப் பங்கு உண்டு. விளம்பரம் பார்த்துப் போயிருந்தால் இவை எழுந்தே இருக்காது.

இன்னொரு பக்கம், பரிந்துரை என்ன தகவலைத் தருகிறது என்று பார்க்க வேண்டும். “பொறுமையானவர்” என்று சொன்ன சக ஊழியர் அங்கே செய்துகொண்டது பல் சுத்தமும் ஒரு சின்ன அடைப்பும். அதில் டாக்டரின் பேச்சும் கையின் மென்மையும் தெரியவரும். அழற்சி வந்த கீழ்க் கடைவாய்ப் பல்லை முழுதாக மரத்துப்போக வைக்கும் திறமை தெரியவராது. இவருக்கு வேண்டியதோ அந்தத் தகவல்தான். எனவே பரிந்துரைப்பவரிடம் “நல்லவரா” என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு: உங்களுக்கு என்ன சிகிச்சை செய்தார்? ஊசி போட்டாரா, போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார்? நடுவில் நிறுத்தச் சொன்னீர்களா, நிறுத்தினாரா? உங்களுக்குச் செய்தது அதே டாக்டர்தானா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல டாக்டர்கள் மாறி மாறி வரும் இடங்களில் நோயாளி பதிவு செய்வது கிளினிக் பெயரில்; நாற்காலி அருகே வந்து நிற்பவர் வேறொருவர். இந்த நிகழ்விலும் முதலில் கொடுத்த நேரம் இன்னொரு டாக்டருடையது. தொலைபேசியில் பெயர் சொல்லிக் கேட்டதால்தான் தெரிந்தது, மாற்றிக்கொள்ள முடிந்தது.

சக ஊழியர் நல்லெண்ணத்தில், “அவங்க ரொம்பப் பயப்படுவாங்க, கொஞ்சம் பார்த்துக்கங்க” என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவும் தயாராக இருந்தார். அதைத் தவிர்ப்பதே நல்லது. இப்படி ஒரு அறிமுகம் போனால் டாக்டர் “பயப்படாதீங்க” என்று தேற்றத் தொடங்குவார். தேற்றுவதால் ஆவது குறைவு. எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்பதை நோயாளி தன் வாயால் சொன்னால், டாக்டர் தன் முறையையே மாற்றிக்கொள்ள முடியும்.

போவதற்கு முன்

தொலைபேசியில் இவர் சொன்னது கிட்டத்தட்ட இவ்வளவுதான்: “எனக்குப் பல் சிகிச்சைன்னா ரொம்பப் பயம். போன தடவை கீழ்ப் பல்லுல ஊசி சரியா வேலை செய்யாம ரூட் கெனால் பண்ணினாங்க. முதல் நாள் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் மட்டும் போதும். வேற எதுவும் அன்னைக்கு வேணாம். காலையில முதல் நேரம் கிடைக்குமா?” ஐந்து வாக்கியங்களில் பயம், காரணம், எல்லை, வேண்டுகோள் எல்லாம் அடங்கிவிட்டன. முதல் நேரம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அப்போது முந்தைய ஆளின் தாமதம் இருக்காது, காத்திருக்கும் நேரம் குறையும். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.

கையில் கொண்டுபோக வேண்டியவை: சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம், பழைய எக்ஸ்ரே இருந்தால் அது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் பிடுங்கும் முடிவையே அது மாற்றக்கூடும். மயக்க மருந்து ஏற்பாடு இல்லாவிட்டால் வயிறு காயாமல் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பயத்தோடு பசியும் சேர்ந்தால் நாற்காலியில் மயங்குவது எளிது.

ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. “மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்துங்கள்” என்ற பொது அறிவுரை இவர்களுக்குப் போதாது. இவர்களுடைய சிக்கல் ரத்த அழுத்தம் சட்டென்று விழுவது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி விட்டு, ஐந்து முறை செய்யும் பயிற்சி இவர்களுக்குப் பொருந்தும். வீட்டிலேயே சில நாள் பழகிக்கொண்டு போக வேண்டும். இந்த நிகழ்வின் நோயாளிக்கு அது தேவைப்படவில்லை.

முதல் நாள்

நாற்காலியைச் சாய்க்காமல், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே பேச்சு தொடங்கியது. முதலில் முடிவானது நிறுத்தச் சைகை. இடது கையைத் தூக்கினால் கருவி வாயிலிருந்து வெளியே வர வேண்டும். டாக்டர் வலது பக்கம் உட்கார்ந்து வேலை செய்வதால் இடது கை தட்டிலும் கருவியிலும் மோதாது. இத்தனையும் எல்லோரும் சொல்வதுதான். பலர் செய்யாதது அடுத்த அடி: கண்ணாடியை மட்டும் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் ஒருமுறை கையைத் தூக்கிப் பார்ப்பது. இவர் தூக்கினார். கண்ணாடி உடனே வெளியே வந்தது. டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. பழைய அனுபவத்தில் உடைந்த நம்பிக்கை இதுதான் என்பதால் இந்தச் சில விநாடி, பத்து நிமிட ஆறுதல் பேச்சைவிட அதிக வேலை செய்தது.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளக்கும்போது டாக்டர் உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போவார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். முன்பே விளக்காவிட்டால் “ஐந்து” என்று காதில் விழும்போதே வயிறு கலங்கும். 3 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் இயல்பு, 4ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியவை என்று முதலில் சொல்லிவிட்டால் நோயாளியே கூட எண்ணிக்கொண்டு வருவார். இவருக்கு இரண்டு இடத்தில் 4, மற்றவை 2ம் 3ம்.

எக்ஸ்ரே சென்சாரை அடிநாக்குப் பக்கம் வைக்கும்போது குமட்டல் வந்தது. சென்சாரை வைத்துவிட்டுக் கருவியைச் சரிசெய்யப் போனால் குமட்டல் கூடும். கருவியை முதலில் கன்னத்தருகே நேராக்கிவிட்டு, சென்சாரைக் கடைசியாக வைத்து உடனே எடுத்துவிட வேண்டும். மூக்கால் மூச்சுவிட்டபடி ஒரு காலைச் சற்றே தூக்கி வைத்திருக்கச் சொன்னதில் கவனம் திசை மாறி, இரண்டாவது முயற்சியில் படம் கிடைத்தது.

குளிர் சோதனையில் வலது முதல் கடைவாய்ப் பல் சட்டென்று வலித்தது, குளிர்ச்சியை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்றது. பக்கத்துப் பல்லில் இரண்டு விநாடியில் போய்விட்டது. இரவு வலி, சூட்டு வலி, எக்ஸ்ரேயில் பல்கூழை (பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்மையான திசுவை) நெருங்கிய சொத்தை எல்லாம் சேர்ந்து, கூழ் இனித் தேறாது என்ற முடிவு. வேர் சிகிச்சை அல்லது பல்லைப் பிடுங்குவது, இரண்டே வழி.

இங்கேதான் பரிந்துரையின் சுமை தலைகாட்டியது. டாக்டர் அந்தப் பல்லோடு இன்னும் நான்கு சின்ன அடைப்புகளையும் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று இரவே அடுத்த நேரத்தை ரத்து செய்ய நினைத்தார். டாக்டர் வற்புறுத்தவில்லை. “அவங்க சொல்லி வந்திருக்கோம், எப்படிக் கேள்வி கேட்கிறது” என்ற கூச்சம் வாயைக் கட்டிவிட்டது. மறுநாள் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினார்: இதில் உடனே செய்ய வேண்டியது எது? ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்? எழுத்தில் தர முடியுமா? வந்த பதிலில் உடனடி என்று இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு அடைப்புகள் சில மாதத்துக்குள், மீதி இரண்டு எனாமலைத் தாண்டாத தொடக்கநிலைச் சொத்தை, ஃப்ளூரைடு போட்டுக் கண்காணித்தால் போதும். ஐந்து வேலைகளாகத் தெரிந்தது ஒரே வேலையாக ஆனதும் ரத்து செய்யும் எண்ணம் போய்விட்டது. நாற்காலியில் இருந்தபடியே சம்மதம் சொல்லாமல், திட்டத்தை எழுத்தில் வாங்கி வீட்டில் படித்துவிட்டுச் சொல்வதைப் பரிந்துரையில் போகிறவர்கள் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஊசி: போன முறை ஏன் தோற்றது, இந்த முறை என்ன மாறியது

மேல்தாடை எலும்பு மெலிது, நுண்துளைகள் கொண்டது. பல்லுக்குப் பக்கத்தில் போட்ட மருந்து ஊறி வேரைத் தொட்டுவிடும். கீழ்க் கடைவாய் எலும்பு கெட்டி. அதனால் தாடையின் பின்பகுதியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகே மருந்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். உதட்டுக்கும் பல்லுக்கும் அதே நரம்புதான். ஆனால் உதடு சில நிமிடத்திலேயே மரத்துவிடும், பல்கூழ் மரக்க 10 முதல் 15 நிமிடம் ஆகலாம். சில சமயம் உதடு நன்றாக மரத்தும் கூழ் மரக்காது. உதட்டை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறும். போன முறை நடந்தது அநேகமாக இதுதான்.

அழற்சி வந்த கூழில் தோல்வி இன்னும் அதிகம். வீங்கிய திசு அமிலமாகி மருந்தைச் செயலிழக்க வைக்கிறது என்பது பழைய விளக்கம். பல்லருகே போடும் ஊசிக்கு அது பொருந்தும். தாடையின் பின்னால், ஆரோக்கியமான திசுவில் போடும் ஊசிக்கு அது போதாது. அழற்சியால் நரம்பு இழைகளே எளிதில் தூண்டப்படும் நிலைக்கு மாறிவிடுவது வலுவான காரணம். பதற்றமும் வலியைக் கூட்டிக் காட்டும். ஆனாலும் “உங்களுக்குப் பயம், அதான் வலிக்கிற மாதிரி தோணுது” என்பது பாதி உண்மைகூட இல்லை. உண்மையிலேயே மரத்திருக்காது.

இரண்டாம் சந்திப்பில் வரிசை இப்படி இருந்தது. ஒரு மணி நேரம் முன்பு, டாக்டர் சொன்னபடி, இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம். கூழழற்சி வந்த பல்லில் ஊசி பலிக்க இது கைகொடுக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், இந்த வகை மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புவது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இவற்றில் ஏதாவது இருந்தால் கூடாது. பிறகு ஈறை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மரக்கும் ஜெல் இரண்டு நிமிடம். எச்சில் ஈரத்தில் ஜெல் வைத்தால் கரைந்து நாக்குதான் மரக்கும். ஜெல் மேல்தோலின் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத்தான். ஆழத்தில் ஒரு அழுத்தம் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது.

மருந்து 2 சதவீத லிக்னோகெய்ன், 1:100,000 அட்ரினலினோடு, 1.8 மில்லிலிட்டர் குப்பி. அதாவது 36 மில்லிகிராம் லிக்னோகெய்ன், 18 மைக்ரோகிராம் அட்ரினலின். ஊசி குத்துவதைவிட மருந்தை வேகமாகத் தள்ளுவதுதான் பெரும்பாலும் வலிக்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வேகத்தில் ஒரு குப்பிக்கு இரண்டு நிமிடம் எடுத்தார்கள். ரத்தக்குழாயில் நுனி இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டே செலுத்தினார்கள்.

இரண்டாவது நிமிடத்தில் இவருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. பயம் வந்துவிட்டது என்று நினைத்துக் கையைத் தூக்கினார். பயம் இல்லை, ஊசி மருந்தில் கலந்திருந்த அட்ரினலின். சில நிமிடத்தில் அடங்கும் என்று சொல்லி நாற்காலியில் அப்படியே விட்டார்கள், அடங்கியது. தங்களுக்கு “ஊசி ஒவ்வாது” என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலருக்கு நடந்தது இந்தப் படபடப்போ மயக்கமோதான். உண்மையான ஒவ்வாமை மிக அரிது. இருந்தாலும் படபடப்பு வந்ததைக் குறிப்பில் எழுதிவைப்பது நல்லது. இதய நோயும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இருப்பவர்களுக்கு அட்ரினலின் அளவைக் குறைக்கவோ, அது இல்லாத மருந்துக்கு மாறவோ வேண்டியிருக்கும். அது இல்லாத மருந்தில் பல் மரத்திருக்கும் நேரம் குறைவு என்பதால் வேலையைச் சின்னதாகத் திட்டமிட வேண்டும்.

பதினைந்து நிமிடம் கழித்து உதடு முழுக்க மரத்திருந்தது. அதோடு திருப்திப்படாமல் அந்தப் பல்லில் குளிரை வைத்துப் பார்த்தார்கள். லேசாகத் தெரிந்தது. எட்டு ஆண்டுக்கு முன் டிரில் தொடங்கிய கட்டம் இதுவே. இம்முறை பல்லின் வெளிப்புற ஈறில் 4 சதவீத ஆர்டிகெய்ன் என்ற இன்னொரு மரக்கும் மருந்தைக் கூடுதலாகப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி குளிர். எதுவும் தெரியவில்லை. அப்போதும் தெரிந்திருந்தால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் போடும் ஊசி அடுத்த வழி. கூழுக்குள்ளேயே போடுவது கடைசி வழி. அது சில விநாடி வலிக்கும், சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பை மாட்டிய பிறகு பேச முடியாது. ஒரு விரல் என்றால் அழுத்தமோ அதிர்வோ, இரண்டு விரல் என்றால் வலி என்று பேசிவைத்தார்கள். மருந்து வலியைத்தான் போக்கும், அழுத்தத்தைப் போக்காது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இல்லாவிட்டால் நோயாளி எல்லாவற்றுக்கும் துள்ளுவார், டாக்டர் எதையும் நம்பமாட்டார். மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே ரப்பர்க் கட்டை வைத்ததில் தாடை வலியும் தவிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்த வேலையில் இரண்டு விரல் ஒருமுறையும் எழவில்லை.

சிரிப்பூட்டும் வாயுவும் தூக்க மாத்திரையும் பற்றி முன்பே பேசியிருந்தார்கள். மூக்கு வழியாகச் சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு சில நிமிடத்தில் வேலை செய்யும். கடைசியில் ஐந்து நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். மூக்கடைப்பில் பயன்படாது, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள். மாத்திரை என்றால் துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. இரண்டுமே பதற்றத்தைக் குறைக்கும், ஊசியின் வேலையைச் செய்யாது. இவருடைய பயம் மரத்துப்போகாதது பற்றியது என்பதால் இரண்டும் வேண்டாம் என்று முடிவானது, நியாயமான முடிவு.

பிறகு

கூழை எடுத்ததும் வலி நின்றது. பயந்த நோயாளிகள் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது; கசிந்தால் சுத்தம் செய்த வேர்க்கால்வாயில் மறுபடி கிருமி புகும், மூடி (கிரவுன்) போடாத கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளந்தும் போகலாம். இதைச் சொல்லி, கால்வாயை நிரப்பவும் மூடிக்கு அளவெடுக்கவும் இரண்டு நேரங்களையும் அன்றே பதிவு செய்தார்கள். இரண்டுக்கும் வந்தார். மூடி போட்ட பின் அதே ஐந்து கேள்விகளுக்கு விடை 3, 2, 4, 2, 3, மொத்தம் 14. டிரில் இன்னும் 4தான்.

சக ஊழியர் “என்ன சொன்னாரு, எத்தனை பல்லு” என்று கேட்டபோது, “நல்லாப் பார்த்தாங்க, தேங்க்ஸ்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். டாக்டரிடமும், “என்னைப் பத்தி அவங்ககிட்ட எதுவும் பேச வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் பேசக் கூடாது. ஆனாலும் பொதுவான நண்பர் இருக்கும்போது பேச்சுவாக்கில் வந்துவிடும்.

டாக்டர் ஒத்துவராமல் போயிருந்தால் வேர் சிகிச்சையின் நடுவில்கூட மாறலாம். அப்போது வாங்க வேண்டியவை: எக்ஸ்ரே படங்களின் நகல், எத்தனை கால்வாய் கண்டுபிடித்தார்கள், ஒவ்வொன்றின் நீளம் எவ்வளவு, உள்ளே வைத்திருக்கும் மருந்து என்ன, தற்காலிக அடைப்பு போட்ட தேதி, ஊசி மருந்தின் பெயரும் அளவும். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய், சிலருக்கு நான்கு. எத்தனை கிடைத்தது என்று தெரியாமல் போனால் அடுத்த டாக்டர் மறுபடி தேட வேண்டியிருக்கும். கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அனுப்பி வைத்தவரிடம் அனுமதி வாங்கவும் வேண்டியதில்லை.